ஒஹாயோ மின்கட்டணத்தில் தெரியும் அமெரிக்க ஜனநாயகம்

கேள்வி இது: சிலிக்கான் சூரிய மின்கலத்தை 1954இல் உலகுக்குக் காட்டிய நாடு அமெரிக்கா. நோபல் பரிசு பெற்றவர்கள் அங்கேதான் அதிகம். அப்படிப்பட்ட நாட்டில், பருவநிலை மாற்றமே பொய் என்று சொல்பவர்கள் எப்படி ஜெயிக்கிறார்கள்? மக்கள் அவ்வளவு விவரம் இல்லாதவர்களா? பெரும்பான்மைக்கு அறிவு இல்லாவிட்டால் ஜனநாயகம் இப்படித்தான் முடியுமா? தூய்மையான மின்சாரத்துக்கு அங்கே இனி வழியே இல்லையா?

மக்கள் முட்டாள்கள் என்ற விளக்கத்தை நான் ஏற்கவில்லை. அது தவறு என்பதோடு, உண்மையில் பொறுப்பேற்க வேண்டியவர்களைத் தப்பிக்கவும் விடுகிறது. அறிவியலை இகழும் அரசியல் அமெரிக்காவில் தானாக முளைத்ததல்ல. எரிபொருளிலும் மின்சாரத்திலும் பணம் பார்ப்பவர்கள் பல ஆண்டுகள் செலவு செய்து அதை வளர்த்தார்கள். மக்களிடம் ஏற்கெனவே இருந்த கோபம் அவர்களுக்குக் கை கொடுத்தது. அந்தக் கோபத்தில் நியாயம் நிறைய உண்டு.

முதலில் ‘விவரம் இல்லாதவர்கள்’ என்ற வாதத்தைப் பார்ப்போம். யேல் பல்கலைக்கழகத்தின் டான் கஹானும் அவரோடு சேர்ந்தவர்களும் 2012இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அறிவியல் அறிவும் கணக்குத் திறனும் கூடினால் பருவநிலை ஆபத்து பற்றி எல்லோரும் ஒரே கருத்துக்கு வருவார்கள் என்றுதானே நினைப்போம்? நடந்தது வேறு. சமத்துவத்தை முன்வைக்கும் மனப்போக்கு உள்ளவர்களிடம் அறிவு கூடக் கூடக் கவலை கூடியது. அரசின் தலையீட்டை வெறுக்கும் மனப்போக்கு உள்ளவர்களிடம் அறிவு கூடக் கூடக் கவலை குறைந்தது. அதாவது நன்றாகப் படித்தவர்கள்தான் தங்கள் அணியின் நிலையை இன்னும் திறமையாக நியாயப்படுத்தினார்கள்.

பியூ ஆய்வு மையத்தின் கணக்கையும் பாருங்கள். எண்ணெய், நிலக்கரி, எரிவாயுவைவிடக் காற்று, சூரிய ஆற்றலுக்கே முன்னுரிமை வேண்டும் என்றவர்கள் 2020இல் 79 சதவீதம். 2025இல் 60 சதவீதம். சரிவில் பெரும்பகுதி குடியரசுக் கட்சி ஆதரவாளர்களிடம் நிகழ்ந்தது. 5 ஆண்டுகளில் யாருடைய படிப்பும் குறைந்துவிடவில்லை. சோலார் தகடு எந்தக் கட்சியின் பொருள் என்ற எண்ணம்தான் மாறியது. சரிந்த பிறகும் 60 சதவீதம் என்பது பெரும்பான்மை. அந்தப் பெரும்பான்மையின் விருப்பம் ஏன் சட்டமாக மாறுவதில்லை என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

இதை வாஷிங்டனை வைத்துப் பேசினால் டிரம்ப், பைடன் என்று பெயர்களிலேயே சுற்றிக்கொண்டிருப்போம். அதனால் ஒரே ஒரு மாநிலத்தை எடுத்துக்கொள்கிறேன். ஒஹாயோ.

ஏன் ஒஹாயோ? தூய்மை ஆற்றல் அந்த மண்ணுக்கு அந்நியமான பொருள் இல்லை. கிளீவ்லாந்தில் சார்லஸ் பிரஷ் என்ற கண்டுபிடிப்பாளர் 1888 வாக்கிலேயே தன் வீட்டுக்குப் பின்னால் 17 மீட்டர் விட்டமுள்ள காற்றாலையை நிறுத்தி, 12 கிலோவாட் மின்சாரம் எடுத்து, அடித்தளத்தில் வைத்திருந்த பேட்டரிகளில் சேமித்தார். எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு, 1975இல், நாசா தன் 100 கிலோவாட் சோதனைக் காற்றாலையை அதே மாநிலத்தில் சாண்டஸ்கி நகருக்குப் பக்கத்தில் நிறுத்தியது. டொலீடோ நகரம் கண்ணாடித் தொழிலுக்குப் பேர்போனது. அங்கே கண்ணாடி தயாரித்துப் பெரும் பணம் பார்த்த ஹரால்ட் மெக்மாஸ்டர், கண்ணாடிமேல் மெல்லிய படலமாகச் சூரிய மின்கலத்தைப் பூசும் முயற்சியில் இறங்கினார். அதிலிருந்து வளர்ந்ததுதான் ஃபர்ஸ்ட் சோலார் நிறுவனம். டொலீடோவை ஒட்டிய பெரிஸ்பர்க்கில் அதன் பெரிய தொழிற்சாலை இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் 2024 ஜனவரியில் திறக்கப்பட்ட 3.3 கிகாவாட் சோலார் தகடு ஆலையும் இதே நிறுவனத்துடையதுதான்.

அரசியலும் ஆரம்பத்தில் ஒத்துழைத்தது. 2008இல் இரு கட்சிகளும் சேர்ந்து ஒரு சட்டம் போட்டார்கள். மின் நிறுவனங்கள் விற்கும் மின்சாரத்தில் 12.5 சதவீதம் காற்று, சூரியன் போன்ற புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து வர வேண்டும். மின்சிக்கனத்துக்கும் ஆண்டு வாரியாக இலக்கு உண்டு. அடுத்த சில ஆண்டுகளில் அந்த ஒற்றுமை போய்விட்டது. 2014இல் இந்த இலக்குகளை 2 ஆண்டுகளுக்கு நிறுத்தி வைத்தார்கள். இப்படிச் செய்த முதல் அமெரிக்க மாநிலம் ஒஹாயோதான். அதே ஆண்டு ஒரு பட்ஜெட் மசோதாவுக்குள் கடைசி நேரத்தில் ஒரு திருத்தத்தைச் சொருகினார்கள். காற்றாலைக்கும் பக்கத்து வீட்டுக்கும் இடையே விட வேண்டிய தூரத்தை, இனி வீட்டிலிருந்து அளக்காமல் நிலத்தின் எல்லையிலிருந்து அளக்க வேண்டும் என்றது அது. கேட்கச் சின்ன விஷயம். ஆனால் அந்த ஒரு வரியால் புதிய காற்றாலைப் பண்ணைகளுக்கு ஏற்ற நிலமே பெரும்பாலும் இல்லாமல் போனது. பொது விசாரணையும் நடக்கவில்லை, மக்களிடம் யாரும் கேட்கவும் இல்லை.

அப்புறம் வந்தது 2019ஆம் ஆண்டின் 6ஆம் எண் மசோதா. இதை விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும். ஃபர்ஸ்ட்எனர்ஜி என்ற பெரிய மின் நிறுவனத்தின் துணை நிறுவனம் ஒன்று ஒஹாயோவில் டேவிஸ்-பெஸ்ஸி, பெர்ரி என்ற 2 அணுமின் நிலையங்களை நடத்தி வந்தது. மலிவான எரிவாயுவோடு போட்டி போட முடியாமல் 2018 மார்ச்சில் அது திவால் மனு கொடுத்தது. சந்தையில் முடியாததைச் சட்டசபையில் சாதிக்க முடிவு செய்தார்கள். லாரி ஹவுஸ்ஹோல்டர் என்ற குடியரசுக் கட்சி உறுப்பினர் சபாநாயகர் ஆக ஆசைப்பட்டார். அவருடைய ஆதரவாளர்களைத் தேர்தலில் ஜெயிக்க வைக்க நிறுவனப் பணம் பாய்ந்தது. பணம் போன வழி முக்கியம். ‘ஜெனரேஷன் நவ்’ என்ற பெயரில் ‘சமூக நல’ அமைப்பு ஒன்றைப் பதிவு செய்தார்கள். அமெரிக்க வரிச் சட்டத்தின் ஒரு பிரிவில் பதிவான இத்தகைய அமைப்புகள், தங்களுக்கு நன்கொடை தந்தது யார் என்று வெளியே சொல்ல வேண்டியதில்லை. நிறுவனங்கள் தேர்தல் பிரசாரத்துக்குத் தனியாக எவ்வளவு வேண்டுமானாலும் செலவு செய்யலாம் என்று உச்ச நீதிமன்றம் 2010இல் ‘சிட்டிசன்ஸ் யுனைடெட்’ வழக்கில் 5க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்புச் சொல்லியிருந்தது. இரண்டும் சேர்ந்தபோது யார் கொடுத்தது என்று தெரியாமலே கோடிகள் புரள வழி கிடைத்தது. மொத்தம் சுமார் 6 கோடி டாலர்.

2019 ஜனவரியில் ஹவுஸ்ஹோல்டர் சபாநாயகர் ஆனார். ஜூலையில் சட்டம் நிறைவேறியது. அணுமின் நிலையங்களுக்கு மக்களின் மின்கட்டணத்திலிருந்து சுமார் 130 கோடி டாலர். புதுப்பிக்கத்தக்க மின்சார இலக்கு 12.5 சதவீதத்திலிருந்து 8.5 சதவீதம் ஆனது. மின்சிக்கன விதி முற்றிலும் எடுக்கப்பட்டது. 1955இல் ஓடத் தொடங்கிய 2 பழைய அனல்மின் நிலையங்களுக்கும் பணம் ஒதுக்கினார்கள். அவற்றில் ஒன்று ஒஹாயோவிலேயே இல்லை, பக்கத்து இண்டியானாவில் இருக்கிறது. இத்தனையையும் ‘ஒஹாயோ தூய காற்றுத் திட்டம்’ என்ற பெயரில்தான் கொண்டுவந்தார்கள். அணுமின்சாரத்தில் கரியமிலவாயு இல்லை என்பது உண்மை. அந்த நிலையங்களைக் காப்பாற்ற நேர்மையான வாதமும் இருந்தது. ஆனால் அந்த வாதம் சபையில் தன் பலத்தால் ஜெயிக்க வேண்டும். இங்கே வாக்குகளை விலைக்கு வாங்கினார்கள்.

அணுமின் நிலையங்களுக்காக ஒரு வீட்டுக்கு மாதம் 85 சென்ட். தொகை இவ்வளவு சிறியதாக இருந்தால் யாரும் அதற்காக வேலையை விட்டுவிட்டுத் தலைநகரம் கொலம்பஸுக்குப் போய்ப் போராட மாட்டார்கள். ஆனால் லட்சக்கணக்கான வீடுகளிலிருந்து சேரும்போது அந்தப் பணத்துக்காக ஒரு நிறுவனம் எதையும் செய்யும். இழப்பவர்கள் கோடிப் பேர், ஒவ்வொருவரும் இழப்பது கொஞ்சம். லாபம் பார்ப்பவர் ஒருவர், அவருக்குக் கிடைப்பது மலையளவு. எந்த ஜனநாயகத்தையும் இந்த இடத்தில்தான் எளிதாக வளைக்க முடிகிறது.

மக்கள் சும்மா இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஒஹாயோவில் போதுமான கையெழுத்து திரட்டினால் சட்டசபை போட்ட சட்டத்தைப் பொது வாக்கெடுப்புக்குக் கொண்டுபோகலாம். இரண்டரை லட்சத்துக்கு மேல் கையெழுத்து தேவைப்பட்டது. தன்னார்வலர்கள் தெருவில் இறங்கினார்கள். அப்போதுதான் தொலைக்காட்சியில் அந்த விளம்பரங்கள் வந்தன. சீன அரசாங்கம் ஒஹாயோவின் மின்கட்டமைப்புக்குள் ரகசியமாக நுழைகிறது, இந்த மனுவில் கையெழுத்துப் போட்டால் உங்கள் விவரங்கள் சீனாவுக்குப் போய்விடும் என்று பயமுறுத்தினார்கள். அதில் துளி உண்மை இல்லை. கையெழுத்து வாங்குபவர்களைப் பின்தொடர்ந்து தொந்தரவு செய்ய ஆட்களை அமர்த்தினார்கள். வேலையை விட்டுப் போகச் சொல்லிப் பணம் காட்டினார்கள். கெடு முடிந்தது, கையெழுத்து போதவில்லை.

அறிவுக்கு எதிரான அரசியல் என்று நாம் பொதுவாகச் சொல்வது நடைமுறையில் எப்படி இருக்கும் என்பதற்கு எனக்குத் தெரிந்த மிகத் தெளிவான உதாரணம் இது. மின்சாரக் கணக்கைப் பேசினால் நிறுவனம் தோற்கும். அதனால் கணக்கைப் பேச விடாமல் சீனாவைப் பேசினார்கள். அந்த விளம்பரத்தை நம்பிய ஒரு பெரியவரை முட்டாள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் ஊர்த் தொழிற்சாலைகள் மூடப்பட்டு வேலைகள் சீனாவுக்குப் போனதை அவர் கண்ணால் பார்த்திருக்கிறார். விளம்பரம் எழுதியவர்களுக்கும் அது தெரியும்.

2020 ஜூலையில் எஃப்.பி.ஐ ஹவுஸ்ஹோல்டரைக் கைது செய்தது. அந்த நவம்பரில் வாக்குச்சீட்டில் அவருக்கு எதிர்ப் பெயரே இல்லாத தொகுதியில் அவர் மறுபடியும் ஜெயித்தார். 2021இல் சபை அவரை வெளியேற்றியது. ஃபர்ஸ்ட்எனர்ஜி குற்றத்தை ஒப்புக்கொண்டு 23 கோடி டாலர் அபராதம் கட்டியது. மின்கட்டண ஒழுங்குமுறை ஆணையத்தின் தலைவராக வரவிருந்தவருக்கு 43 லட்சம் டாலர் கொடுத்ததையும் ஒப்புக்கொண்டது. 2023இல் நடுவர் குழு ஹவுஸ்ஹோல்டரைக் குற்றவாளி என்றது. தண்டனை 20 ஆண்டுச் சிறை. அணுமின் கட்டணம் வசூலாகத் தொடங்கும் முன்பே ஒரு நீதிபதி அதை நிறுத்தி, பிறகு சட்டசபையே அந்தப் பகுதியை ரத்து செய்தது. பழைய அனல்மின் நிலையங்களுக்குப் போன பணம் மட்டும் 2025 வரை போய்க்கொண்டே இருந்தது.

எதிர்ப் பெயரே இல்லாத தொகுதி என்றேன் அல்லவா, அதற்குப் பின்னால் தொகுதி எல்லை வரையும் அரசியல் இருக்கிறது. ஒஹாயோவில் மாநிலம் தழுவிய தேர்தலில் குடியரசுக் கட்சிக்கு ஏறக்குறைய 54 சதவீதம், எதிர்த்தரப்புக்கு 46 என்ற அளவில் வாக்கு விழும். ஆனால் சட்டசபையில் குடியரசுக் கட்சிக்கு ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இடங்கள். மக்கள் இதை மாற்ற முயன்றார்கள். 2015இலும் 2018இலும் 70 சதவீதத்துக்கு மேல் வாக்களித்து நியாயமான தொகுதி வரையறைக்கான அரசியலமைப்புத் திருத்தங்களை நிறைவேற்றினார்கள். 2022இல் மாநில உச்ச நீதிமன்றம் புதிய வரைபடங்களை அரசியலமைப்புக்கு விரோதம் என்று திரும்பத் திரும்பத் தள்ளுபடி செய்தது. குடியரசுக் கட்சியைச் சேர்ந்த தலைமை நீதிபதி மோரீன் ஓ’கானரே அந்தப் பக்கம் நின்றார். ஆனாலும் காலம் கடத்தி, தள்ளுபடியான வரைபடத்தின்படியே தேர்தலை நடத்தி முடித்தார்கள். ‘பெரும்பான்மையின் முட்டாள்தனம்’ என்று பேசுபவர்கள் இந்த வரலாற்றைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். பெரும்பான்மை சரியாகத்தான் வாக்களித்தது. அதன் வாக்கு மதிக்கப்படவில்லை.

இப்படிப் பாதுகாப்பான தொகுதியில் உட்கார்ந்திருப்பவர் எதிர்க்கட்சிக்குப் பயப்பட மாட்டார். தன் கட்சிக்குள் நடக்கும் வேட்பாளர் தேர்தலுக்குத்தான் பயப்படுவார். தென் கரோலினாவின் பாப் இங்லிஸ் கதை எல்லோருக்கும் பாடமானது. குடியரசுக் கட்சிக்காரர், பழமைவாதி. பருவநிலை மாற்றம் உண்மை என்று ஏற்றுக்கொண்டு, கரியமில வரி போட்டு அதே அளவு சம்பள வரியைக் குறைக்கலாம் என்று 2009இல் மசோதா கொண்டுவந்தார். 2010 உட்கட்சித் தேர்தலில் பத்தில் ஏழு பேர் அவருக்கு எதிராக வாக்களித்தார்கள். வேறு காரணங்களும் இருந்தன, ஆனால் பருவநிலைதான் தன்னை வீழ்த்தியது என்று அவரே சொல்லியிருக்கிறார். அந்தக் காலத்தில்தான் எண்ணெய்த் தொழிலதிபர்களான கோக் சகோதரர்கள் ஆதரித்த அமைப்பு, பருவநிலைக்காக எந்த வரியும் போட மாட்டேன் என்று வேட்பாளர்களிடம் உறுதிமொழிக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தது. 2008இல் ஜனாதிபதி வேட்பாளர் ஜான் மெக்கெய்ன் கரியமிலவாயுவுக்கு உச்சவரம்பு வேண்டும் என்று பிரசாரம் செய்த கட்சி அது. இரண்டே ஆண்டுகளில் அந்தப் பேச்சு கட்சிக்குள் தற்கொலைக்குச் சமம் ஆகிவிட்டது.

பிறகு டிரம்ப்பின் துணை ஜனாதிபதியான, ஒஹாயோவின் ஜே.டி.வான்ஸையும் இதே வரிசையில் வைத்துத்தான் நான் பார்க்கிறேன். யேல் சட்டக் கல்லூரியில் படித்தவர். 2020இல் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேசும்போது பருவநிலைப் பிரச்சினை இருக்கிறது என்று ஏற்றுக்கொண்டார். செனட் தேர்தலில் நின்றபோது, மனிதன்தான் காரணமா என்பதில் சந்தேகம் என்றார். 2021இல் ஒரு மாநாட்டில், பல்கலைக்கழகங்கள் எதிரி என்ற தலைப்பிலேயே உரையாற்றினார். அறிவியல் அவருக்குப் புரியாமல் போய்விட்டதா? அப்படி நான் நினைக்கவில்லை. அவர் ஏற வேண்டிய படிக்கட்டில் அந்தப் பேச்சு தேவைப்பட்டது.

அரசே தனக்கு அறிவு சொல்பவர்களை வெளியேற்றியதும் உண்டு. தொழில்நுட்ப மதிப்பீட்டு அலுவலகம் என்று ஒன்றை அமெரிக்க காங்கிரஸ் 1972இல் அமைத்தது. இரு கட்சிகளும் சம அளவில் மேற்பார்வை செய்தன. அமில மழையிலிருந்து பேட்டரி வரை சுமார் 750 அறிக்கைகள். ஆண்டுச் செலவு 2 கோடி டாலரைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். 1995இல் நியூட் கிங்ரிச் தலைமையிலான காங்கிரஸ் அதை மூடியது. அதற்குப் பிறகு சிக்கலான தொழில்நுட்பக் கேள்வி வந்தால் உறுப்பினர்களுக்கு விளக்கம் சொல்லத் தயாராக இருந்தவர்களில் பெரும்பாலோர் நிறுவனங்களின் தரகர்கள். ஒஹாயோவிலும் இந்தப் போக்கு தொடர்கிறது. 2025 மார்ச்சில் ஆளுநர் மைக் டிவைன் கையெழுத்திட்ட உயர்கல்விச் சட்டம், பருவநிலைக் கொள்கைகளை ‘சர்ச்சைக்குரிய’ விஷயங்கள் பட்டியலில் சேர்த்திருக்கிறது. கோழிக்குஞ்சு விற்பனை பற்றி வந்த ஒரு மசோதாவுக்குள் எரிவாயுவைப் ‘பசுமை ஆற்றல்’ என்று அறிவிக்கும் வரிகளைச் சேர்த்து, 2023 ஜனவரியில் சட்டமாக்கியவரும் இதே ஆளுநர்தான்.

இதுவரை மேலே இருப்பவர்களைப் பற்றிப் பேசினேன். கீழே இருக்கும் கோபத்தைப் பேசாவிட்டால் பதில் பாதிதான்.

யங்ஸ்டவுன் நகரத்தில் 1977 செப்டம்பர் 19ஐக் கறுப்புத் திங்கள் என்பார்கள். அன்று மூடப்போவதாக அறிவிக்கப்பட்ட ஒரே உருக்காலையால் சுமார் 5,000 வேலைகள் போயின. அடுத்த சில ஆண்டுகளில் மற்ற ஆலைகளும் மூடின. மெக்சிகோவோடு 1994இல் வணிக ஒப்பந்தம் வந்தபோதும், சீனா 2001இல் உலக வணிக அமைப்பில் சேர்ந்தபோதும், மொத்தத்தில் நாட்டுக்கு லாபம்தான் என்று பொருளாதார நிபுணர்கள் சொன்னார்கள். மொத்தக் கணக்கில் அது சரியாகவே இருக்கலாம். லாபம் ஓரிடத்திலும் நஷ்டம் வேறிடத்திலும் சேர்ந்தது என்பதை அந்த மொத்தக் கணக்கு காட்டாது. இன்று நாட்டின் சொத்தில் சுமார் 30 சதவீதம் மேல்தட்டு 1 சதவீதத்தினரிடம் இருக்கிறது. கீழ்ப்பாதி மக்கள் எல்லோரும் சேர்ந்து வைத்திருப்பது 3 சதவீதம்கூட இல்லை.

அதே மாநிலத்தில் ஆக்ஸிகான்டின் என்ற, போதைக்கு அடிமையாக்கும் வலி மாத்திரைக்குப் பலியானவர்களை நினைத்துப் பாருங்கள். 1995இல் அதை அனுமதித்த உணவு, மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, மெதுவாகக் கரைவதால் தவறான பயன்பாடு குறையும் என்று நம்பப்படுவதாக அதன் குறிப்பிலேயே எழுத இடம் கொடுத்தது. எழுதியவர்களும் அனுமதித்தவர்களும் பட்டம் பெற்ற நிபுணர்கள். 2023 பிப்ரவரியில் ஈஸ்ட் பாலஸ்டைன் என்ற ஒஹாயோ ஊரில் ரசாயன ரயில் கவிழ்ந்தது. வெடித்துவிடும் என்று சொல்லி வினைல் குளோரைடு டேங்கர்களைத் திறந்து எரித்தார்கள், ஊருக்கு மேல் கரும்புகை எழுந்தது. அப்படி எரித்ததற்கு அவசியமே இருக்கவில்லை என்று தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் அடுத்த ஆண்டு சொன்னது. இந்த ஊர்களில் ஒருவர் ‘நிபுணர் சொல்கிறார்’ என்றதும் முகத்தைத் திருப்பிக்கொண்டால் அதை அறிவு வெறுப்பு என்று நான் சொல்ல மாட்டேன். பட்ட அனுபவம் அது. அந்த அனுபவத்தை எடுத்துக்கொண்டு, பருவநிலை விஞ்ஞானிகளும் அதே கூட்டம்தான் என்று சொன்னவர்கள்தான் குற்றவாளிகள்.

தூய்மை ஆற்றலை ஆதரித்தவர்களும் இங்கே கவனமாக இல்லை. கூரைச் சோலாருக்கு மத்திய அரசு தந்த 30 சதவீதச் சலுகை வரிக்கழிவாக வந்தது. கழிக்கப் போதுமான வருமான வரி கட்டுபவருக்கு, அதுவும் சொந்தக் கூரை உள்ளவருக்கு மட்டுமே அது முழுதாகப் பயன்படும். வாடகை வீட்டில் இருக்கும் குடும்பத்துக்கு என்ன கிடைத்தது? அமெரிக்க எரிசக்தித் துறையின் கணக்குப்படி ஏழைக் குடும்பங்கள் வருமானத்தில் 8.6 சதவீதத்தை மின்சாரத்துக்கும் எரிபொருளுக்கும் செலவிடுகின்றன, மற்றவர்கள் 3 சதவீதம். மிகவும் தேவைப்பட்டவர்களுக்குத்தான் மிகக் குறைவாகப் போய்ச் சேர்ந்தது. ஒஹாயோ கிராமங்களில், வெளியூர் நிறுவனம் வந்து காற்றாலை நட்டு, மின்சாரம் எங்கேயோ போகிறது என்ற எண்ணம் பரவியது. காற்றாலைக்கும் சோலாருக்கும் மட்டும் மாவட்ட நிர்வாகம் தடை போடலாம் என்று 2021இல் சட்டம் வந்தது. எண்ணெய், எரிவாயுக் கிணறுகளுக்கு அந்தத் தடை அதிகாரம் பொருந்தாது. அந்தப் பாகுபாடு அநியாயம். ஆனாலும் 2022இல் க்ராஃபோர்ட் மாவட்டத்தில் காற்றாலைத் தடை வாக்கெடுப்புக்கு வந்தபோது, ஏறக்குறைய நாலில் மூன்று பேர் தடை வேண்டும் என்றே வாக்களித்தார்கள். பணக்காரர்களின் சூழ்ச்சி என்று மட்டும் சொல்லி இந்த முடிவைத் தள்ளிவிட முடியாது. அந்த ஊர்க்காரர்களுக்கு அதில் பங்கும் லாபமும் கொடுத்து, முன்கூட்டியே பேசியிருந்தால் முடிவு மாறியிருக்கும் என்பது என் நம்பிக்கை.

பங்கு கிடைத்த இடத்தில் என்ன நடந்தது என்றும் பார்ப்போம். லார்ட்ஸ்டவுனில் இருந்த ஜெனரல் மோட்டார்ஸ் கார் ஆலை 2019 மார்ச்சில் நின்றது. அதற்கு 2 ஆண்டு முன்பு யங்ஸ்டவுன் கூட்டத்தில் டிரம்ப், வேலைகள் திரும்பி வரும், வீட்டை விற்காதீர்கள் என்று மக்களிடம் சொல்லியிருந்தார். அந்த ஆலை திரும்பவில்லை. பதிலாக, பக்கத்திலேயே ஜெனரல் மோட்டார்ஸும் எல்ஜியும் சேர்ந்து கட்டிய மின்கார் பேட்டரி ஆலை 2022இல் இயங்கத் தொடங்கியது. அந்த டிசம்பரில் தொழிலாளர்கள் 710க்கு 16 என்ற கணக்கில் சங்கம் அமைக்க வாக்களித்தார்கள். 2022 ஆகஸ்டில் பைடன் கையெழுத்திட்ட சட்டம் தூய்மை ஆற்றலுக்கும் பருவநிலைக்கும் சுமார் 36,900 கோடி டாலர் ஒதுக்கியது. அதனால் வந்த ஆலைகளில் பெரும்பகுதி குடியரசுக் கட்சி வென்ற தொகுதிகளுக்கே போனது. 2024இல் அக்கட்சியின் 18 உறுப்பினர்கள், இந்தச் சலுகைகளை அவசரப்பட்டு ரத்து செய்ய வேண்டாம் என்று தங்கள் சபாநாயகருக்கே கடிதம் எழுதினார்கள்.

2025 ஜூலையில் ரத்து மசோதா வந்தபோது, பிரதிநிதிகள் சபையில் அந்தக் கட்சி முழுவதிலும் 2 பேர்தான் எதிர்த்து வாக்களித்தார்கள். செனட்டில் 50க்கு 50 என்று சமமாக நின்றபோது, தீர்மானிக்கும் வாக்கைப் போட்டவர் துணை ஜனாதிபதி வான்ஸ். காற்று மின்சாரத்துக்கான வரிச்சலுகையை 1992இல் கொண்டுவந்தவர் என்ற பெருமையுள்ள ஐயோவாவின் சக் கிராஸ்லியும் ஆதரித்தே வாக்களித்தார். மின்கார் வாங்குபவருக்கான 7,500 டாலர் சலுகை செப்டம்பர் 30ஆம் தேதியோடு முடிந்தது. அக்டோபர் கடைசியில் ஒஹாயோ பேட்டரி ஆலையில் 550 பேரைக் காலவரையின்றியும் 850 பேரைத் தற்காலிகமாகவும் நிறுத்தப்போவதாக அறிவிப்பு வந்தது. வாக்களித்தவர்கள் யாருக்காக வாக்களித்தார்கள் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

சரி, கடைசிக் கேள்வி. தூய்மை ஆற்றல் அங்கே முடிந்துவிட்டதா? இல்லை. 2024இல் முதன்முறையாகக் காற்றும் சூரியனும் சேர்ந்து நிலக்கரியைவிட அதிக மின்சாரம் கொடுத்தன, 17 சதவீதத்துக்கு 15. டெக்சாஸ் குடியரசுக் கட்சியின் கோட்டை, எண்ணெய் பூமி. நாட்டிலேயே அதிகக் காற்று மின்சாரம் அங்கேதான் உற்பத்தியாகிறது. 1999இல் ஜார்ஜ் புஷ் ஆளுநராக இருந்தபோது போட்ட சட்டமும், பிறகு சுமார் 700 கோடி டாலர் செலவில் இழுத்த மின்பாதைகளும் அதற்குக் காரணம். விலை மலிவு என்பதால் கட்டுகிறார்கள், சலுகை போனாலும் கட்டுவார்கள். ஆனால் வேகம் குறையும். முதலில் அடிபடுவது பணம் இல்லாதவர்கள்தான். 9 லட்சத்துக்கும் மேற்பட்ட ஏழைக் குடும்பங்களுக்குச் சோலார் தர ஒதுக்கியிருந்த 700 கோடி டாலர் திட்டத்தை 2025 ஆகஸ்டில் மத்திய அரசு ரத்து செய்துவிட்டது.

மக்கள் மாறுகிறார்களா என்று பார்க்க நான் மின்கட்டணத்தைத்தான் கவனிப்பேன். ஒஹாயோவையும் சேர்த்து 13 மாநிலங்களுக்கு மின்சாரம் ஒருங்கிணைக்கும் அமைப்பில், எதிர்காலத் தேவைக்காக மின் நிலையங்களைத் தயாராக வைத்திருக்கத் தரும் விலை, ஒரு மெகாவாட்டுக்கு ஒரு நாளைக்கு 29 டாலருக்கும் குறைவாக இருந்தது. ஒரே ஆண்டில் அது சுமார் 270 டாலர் ஆனது. தரவு மையங்கள் பெருகியது ஒரு முக்கியக் காரணம். அந்தச் சுமை வீடுகளுக்கு வந்துவிட்டது. ஜார்ஜியாவில் 2025 நவம்பரில் மின்கட்டண ஆணையத்தின் 2 இடங்களுக்குத் தேர்தல் நடந்தது. வழக்கமாக யாரும் கண்டுகொள்ளாத தேர்தல். கட்டண உயர்வால் வெறுத்துப்போன மக்கள் இரண்டு இடங்களையும் ஜனநாயகக் கட்சிக்கு 60 சதவீதத்துக்கும் மேலான வாக்குகளோடு கொடுத்தார்கள்.

அதே மாதம் ஒஹாயோவின் ஒழுங்குமுறை ஆணையம், 2019 ஊழலுக்காக ஃபர்ஸ்ட்எனர்ஜியின் துணை நிறுவனங்கள் அபராதமாகவும் வாடிக்கையாளருக்குத் திருப்பித் தரவும் சுமார் 25 கோடி டாலர் கொடுக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. அந்தச் சட்டம் வெட்டிய புதுப்பிக்கத்தக்க மின்சார இலக்கையும், எடுத்துப்போட்ட மின்சிக்கன விதியையும் சட்டசபை இன்னும் திருப்பிக் கொண்டுவரவில்லை.